கரடியின் இத்தாலி வண்டியும் கீரியின் ஜப்பான் வண்டியும்

ஒரு காட்டில், மலைப்பாதைக்குத் தார் போட்ட புதிதில், செங்கோடன் என்றொரு கீரி ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியது. சாம்பல் நிறம். உதைத்தால் கிளம்பும், பிரேக் பிடித்தால் நிற்கும். இதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கீரியின் தலையெழுத்து.

அதே காட்டில் பொம்மையன் என்ற கரடி இத்தாலி வண்டி வைத்திருந்தது. செக்கச்செவேல் என்றிருக்கும். கிளப்பினால் மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடும். வெயிலடித்தால் சூடாகி நிற்கும், மழை பெய்தால் நனைந்து நிற்கும், இரண்டும் இல்லாத நாளில் சும்மாவே நிற்கும். நின்ற இடத்தில் கூட்டம் கூடிவிடும்.

"என்னண்ணே, மறுபடியும் நின்னுடுச்சா?" என்று கீரி ஒருநாள் விசாரித்தது.

"நிக்கல தம்பி, யோசிக்குது. இது வெறும் மிஷின் இல்ல, இதுக்கு மனசு இருக்கு. உன் வண்டிக்கு என்ன இருக்கு?"

கீரி யோசித்துப் பார்த்தது. "மைலேஜ் இருக்குண்ணே."

சுற்றி நின்ற குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

கீரிக்கு வஞ்சியின் மேல் ஆசை. பாதையோரம் டீக்கடை வைத்திருந்த ராக்கியப்பன் என்ற மரநாயின் மகள் வஞ்சி. அந்தக் கடைக்குத் தினமும் பால் கொண்டுவந்து இறக்குவது கீரிதான். "வஞ்சி, பால்" என்னும். "வச்சிட்டுப் போ" என்று தலை நிமிராமல் பதில் வரும். வண்டி கிளம்பாமல் மக்கர் பண்ணினாலாவது நாலு வார்த்தை பேசலாம். அதுவோ பண்ணித் தொலைக்காது.

ஒரு மத்தியானம், டீ ஆற்றிக்கொண்டிருந்த ராக்கியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். வஞ்சி போட்ட அலறலில் காடே ஓடிவந்தது.

"ஏறுங்க மாமா! நம்ம வண்டி பறந்துடும்!" என்று கரடி அதைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டு சீறியது. முதல் வளைவில் வண்டி இருமியது. இரண்டாவது இருமலோடு சரி.

பின்னாலேயே வந்த கீரி வண்டியை நிறுத்தியது. கிழவரைத் தன் வண்டிக்கு மாற்றி, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. மழை பிடித்துவிட்டது. "மாமா, கண்ண மூடாதீங்க, ஏதாவது பேசுங்க" என்று வளைவுக்கு வளைவு கெஞ்சிக்கொண்டே போனது. அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எஞ்சினையும் மிஞ்சியது. வண்டிக்கு மட்டும் ஒரு பதற்றமும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கை மீறிப் போயிருக்கும்" என்றது ஆந்தை டாக்டர்.

இங்கே மலையில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. "மாமாவுக்காகத் தள்ளுங்க!" என்று கரடி முழங்க, யானை முதல் முயல் வரை சிவப்பு வண்டியைத் தள்ளின. மாமாதான் கீரியோடு போய்விட்டாரே, எதற்குத் தள்ளுகிறோம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வஞ்சியும் அழுதுகொண்டே தள்ளியது. மறுநாள் காலையில் எல்லாரும் சேறும் சகதியுமாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். கரடி கட்டிலருகே விழுந்து கதறியது. நர்சு வேலை பார்த்த கொக்குகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ராக்கியப்பன் உருகிப்போனது. "எனக்காகவா இத்தனை பாடுபட்டே, பொம்மையா?"

மூலையிலிருந்து கீரி மெல்லச் சொன்னது: "மாமா, உங்களைக் கொண்டாந்தது நான்."

"தெரியுமேப்பா. ஏத்தினே, இறக்கினே. வழியிலதான் ஒண்ணும் நடக்கலையே!"

வஞ்சி கரடியின் முகத்துச் சேற்றைத் தன் வாலால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தது.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் சிவப்பு வண்டியில். மண்டபம் வரை தள்ளிக்கொண்டே போனார்கள். எவ்வளவு நிதானம், எவ்வளவு கம்பீரம் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

கீரிக்குப் புத்தி வந்தது. ஒரு நாள் காலையில் பிளக் ஒயரைத் தானே பிடுங்கிவிட்டு, டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, "ஐயோ, நின்னுடுச்சே!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தியது. கூட்டம் கூடியது. கீரிக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"ஜப்பான் வண்டியா நின்னுச்சு?" என்றது ஒரு குரங்கு. "கெடவே கெடாதேய்யா அது! என்ன பண்ணித் தொலைச்சே?"

"இந்த வண்டியையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. நல்லவேளை, இவனுக்குப் பொண்ணு குடுக்கல" என்றது ராக்கியப்பன்.

அந்த நேரம் பார்த்து, மேல் வளைவில் கரடியின் வண்டி நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. கூட்டம் அங்கே பறந்தது. வஞ்சி போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "செங்கோடா, சும்மாதானே நிக்கிறே, நீயும் வந்து ஒரு கை குடேன்" என்றது.

வஞ்சி கீரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கீரி ஓடிப்போய் முழு மூச்சாகத் தள்ளியது. திடீரென்று எஞ்சின் பிடித்துக்கொண்டு உறுமியபோது அதற்கு வால் நுனிவரை சிலிர்த்துவிட்டது. கரடி கையசைத்துவிட்டுப் போனது. கீரி தன் கையில் ஒட்டிய கறுப்பு எண்ணெயைப் பார்த்தது. கழுவ மனசு வரவில்லை.

நீதி: நீங்கள் ஆபத்தில் உதவப் போகிறவரா? முதலில் வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடியுங்கள். பிறகு பாதி வழியில் நின்றுவிடுங்கள். போய்ச் சேர்ந்துவிட்டால் உங்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.