மாப்பிள்ளையின் லேப்டாப்பில் பதினோரு ஐகான் எடுத்த விவரம்

பிளாக் 18, நெய்வேலி.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ஜாஸ்பர் அவர்களுக்கு,

மாமனார் பாக்கியசாமி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை மார்த்தாளும் சுகம். புனேயில் நீங்களும் நான்சியும் பேரனும் சுகமென நம்புகிறேன். நீங்கள் இங்கே விட்டுப்போன லேப்டாப் மட்டும் சுகமில்லை. ஃபோனில் சொன்னால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் காகிதம்.

உங்கள் கல்யாணப் படமும் பேரன் ஞானஸ்நானப் படமும் இருக்கிற ஃபோல்டரை அவள் தினமும் பார்ப்பாள். எல்லா ஃபோல்டரும் ஒரே மஞ்சள் என்பதால் தினமும் என் பி.எஃப். காகிதத்தைத் திறந்துவிட்டு என்னைத் திட்டுவாள். அந்த ஒன்றுக்கு மட்டும் தனி ஐகான் போட்டுத் தரலாமென்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கருணாகரனிடம் கேட்டேன். "சிஸ்டம் ஃபைலுக்குள்ள நூத்துக்கணக்குல ஐகான் ஒளிச்சி வெச்சிருக்கான் சார், ஹெக்ஸ் எடிட்டர்ல தொறந்தா எடுத்துக்கலாம்"னார். ஃபைலின் வயிற்றைத் திறந்து நம்பர் நம்பராகக் காட்டுகிற ப்ரோக்ராம் அது. 89 50 4E 47 என்று தேடினால் அங்கே ஒரு படம் ஆரம்பிக்கும். அது முடிகிற இடம்வரை காப்பி செய்து தனியாக சேவ் பண்ண வேண்டியது, அவ்வளவுதான். சாவி, பூட்டு, நட்சத்திரம் என்று பதினொன்று எடுத்தேன். ஒரிஜினலைத் தொடாதீங்க, நகல்ல பாருங்கன்னு அவர் சொல்லத்தான் செய்தார். முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற மெஷினில் கை வைத்தவனுக்கு என்னங்க நகல்?

தப்பு அதற்கப்புறம்தான். எங்கள் பிளான்ட்டில் எந்தப் பேனலைத் திறந்தாலும் யார் திறந்தது, எந்த ஷிஃப்ட், என்ன எடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் மூடக் கூடாது. கை பழகிப்போச்சு. அந்த ஃபைலுக்குள்ளேயே "பாக்கியசாமி, பி ஷிஃப்ட், 11 எடுக்கப்பட்டது" என்று இங்கிலீஷில் அடித்து சேவ் கொடுத்தேன். அனுமதி வேணும்னு கேட்டுச்சு. நானே எனக்கு அனுமதி கொடுத்துக்கிட்டேன். நான் எழுதினது அங்கே இருந்த நம்பர் மேலேயே ஏறி உட்கார்ந்துடுச்சாம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், கருப்புத் திரைதான். வடலூரில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்திருக்கிறேன்.

"எம் பொண்ணு மூஞ்சிய இனிமே எதுல பாப்பேன்? சும்மாவே இருக்க மாட்டீங்களா, எதையாவது நோண்டிக்கினே இருக்கணுமா?" என்று கேட்ட உங்கள் அத்தை, ரெண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. படமெல்லாம் இந்த ஒரு இடத்துலதான் இருக்கு, பத்திரம் மாமான்னு நீங்க சொன்னது நெஞ்சிலேயே நிக்குது. மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை. அம்மா அழுததைக் கேட்டு, மூணு வருஷமா லீவு கிடைக்காத நான்சி, கிறிஸ்மஸுக்கு வந்து புதுசா படம் எடுக்கலாம்னு சொல்லிட்டாள். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் அலைய வேண்டாமென்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்று பேருக்கும் மாதா துணையிருக்கட்டும். பேரனுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
பாக்கியசாமி

பி.கு.: உறையை ஒட்டும்போது வடலூர் கடைக்காரர் கொளஞ்சிநாதன் கூப்பிட்டார். படம் எல்லாம் பத்திரமாக இருக்கிறதாம், ஒன்றுகூடப் போகவில்லையாம். உங்கள் அத்தையிடம் சொல்லலாமென்று போனேன். மெத்தையை வெயிலில் போட்டுவிட்டு, "பேரனுக்கு எந்தக் கட்டிலுங்க?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். டிக்கெட் எடுத்ததும் தெரிவியுங்கள், அதற்குப் பிறகு படம் கிடைத்துவிடும்.