மாப்பிள்ளை கொடுத்த காரின் ஒழுகல் குறித்து

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவது என் சுபாவம் இல்லை, இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நம்புகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் யாரையும் சந்தேகப்படுகிறவன் அல்ல. தலை நரைக்கும்வரை கிடங்கில் சரக்குக் கண்காணிப்பாளராக வேலை பார்த்தவன், அவ்வளவுதான். சரக்கு குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பது அங்கே கற்றது. தானாகக் குறைந்த மூட்டையை நான் பார்த்ததில்லை. நீங்கள் அன்போடு கொடுத்த பழைய காரையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அன்போடு என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

சாவியை என் கையில் கொடுக்கும்போது, "தண்ணிய மட்டும் அப்பப்போ பாத்துக்கங்க மாமா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கோளாறு இல்லாத காரைக் கொடுக்கிறவர் டயரைப் பாருங்கள் என்பார், பிரேக்கைப் பாருங்கள் என்பார். தண்ணீரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? டிக்கியைத் திறந்தால், பழைய துணிக்கு அடியில் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் கேன் ஒன்று, பாதி காலியாக. மீதிப் பாதி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் மாப்பிள்ளை, கேட்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள்.

வந்த வாரமே காருக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஒரு சின்னக் குட்டை. மெக்கானிக் வந்தார், ரேடியேட்டருக்குப் போகிற ஹோஸ் வெடித்திருக்கிறது என்றார், மாற்றினார், "இனிமே ஒரு சொட்டு விழாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார், மறுநாளே விழுந்தது. கூப்பிட்டேன், மூடி சரியில்லை என்று மூடியை மாற்றினார், விழுந்தது, வாட்டர் பம்ப்பாக இருக்கலாம் என்று பம்ப்பை மாற்றினார், அதற்கும் விழுந்தது. கழற்றிய பாகங்களை எல்லாம் கேட்டு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், நாளைக்குப் பேச்சு வந்தால் சாட்சி வேண்டும் அல்லவா. கடைசியில் ரேடியேட்டரையே கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தார், நானும் பக்கத்தில் குந்திக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ மூக்கில் வியர்த்துவிட்டது. ஓட்டையே இல்லாமல் ஒழுகுகிறது என்றால் அது ஒழுகல்தானா?

அதோடு விட்டாரா, "தெனமும் நீங்களா ஊத்துறீங்களா சார்?" என்று கேட்கிறார். "ஏன், ஊத்தாம விட்டா எஞ்சின் போயிடும், புதுசு மாத்தலாம்னு பாக்கறீங்களா?" என்று நானும் விடவில்லை. ஊற்றாமல் எப்படி இருப்பது? கூலன்ட் டப்பாவில் கீழே ஒரு கோடும் மேலே ஒரு கோடும் போட்டிருக்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதுமாம். கார் கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்துக்குப் போட்ட கோடு என்று எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. நான் தினமும் காலையில் கழுத்துவரை நிரப்பிவிடுகிறேன்.

மாடி வீட்டுக்காரர் வேறு படியில் இறங்கும்போதெல்லாம், "என்ன சார், இன்னும் ஒழுகுதா?" என்கிறார். ஒழுகுவது அவருக்கு எப்படித் தெரியும்? தெருவே பார்க்க நான் காருக்கு அடியில் படுத்திருக்கிறேன் என்கிறாள் உங்கள் அத்தை. அவளுக்கு எல்லோரும் நல்லவர்கள்.

பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிடங்கு முறைக்கே இறங்கினேன். ஊற்றுவதை நிறுத்தினேன். டப்பாவில் தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு கிழித்தேன். மூடியைச் சுற்றிக் காகிதம் ஒட்டிச் சீல் வைத்து, குறுக்கே கையெழுத்துப் போட்டேன். கீழே வெள்ளை அட்டை விரித்தேன். அன்று கடைவீதிவரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். மறுநாள் போய்ப் பார்த்தால், சீல் அப்படியே இருக்கிறது. கையெழுத்தும் என்னுடையதேதான், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழகாகக்கூட விழுந்திருந்தது. அட்டை நனைந்திருக்கிறது. ஆனால் டப்பாவில் தண்ணீர் பென்சில் கோட்டுக்கு மேலே நிற்கிறது. கீழேயும் ஒழுகி, உள்ளேயும் கூடியிருக்கிறது. மாப்பிள்ளை, சரக்கு குறைந்தால் ஒரு திருடன் என்று அர்த்தம், கூடினால் ஒரு கூட்டமே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நடுவில் உங்கள் வீட்டுக்கு நாங்கள் வரவேண்டிய பயணம் தள்ளிக்கொண்டே போகிறது. நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோன பிறகு உங்கள் அத்தை தன் மகளைப் பார்க்கவே இல்லை. பெட்டியைக் கட்டி வாசல் பக்கத்தில் வைத்திருக்கிறாள், போகும்போதும் வரும்போதும் என் காலில் இடிக்கிறது. காலையில் எழுந்ததும், "இன்னைக்கு எப்படிங்க?" என்பாள். "ஒழுகுது" என்பேன். பெட்டியைத் திறந்து அன்றைக்கு உடுத்திக்கொள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு, மறுபடி மூடி வைப்பாள்.

ஆகவே, நிறைய யோசித்து முடிவு செய்திருக்கிறேன். உங்கள் காரை நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நடு வழியில் நிற்கப்போகிற காரில் அவளை ஏற்றிக்கொண்டு வர நான் தயாராக இல்லை, எனவே நாங்கள் வருவதற்கில்லை. காரணத்தை மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். டிக்கியில் இருந்த கேனிலிருந்து ஆரம்பித்தால் சௌகரியமாக இருக்கும்.

உங்கள் புது வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கட்டும், எதுவும் ஒழுகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
யாரையும் சந்தேகப்படாத
மாமா

பின்குறிப்பு: இதைக் கவரின் பின்புறத்தில் எழுதுகிறேன். எழுத்து பொடியாக இருப்பதற்கு மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதைப் படிக்காமல் விட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் வெளியே எழுதுகிறேன்.

கவரை ஒட்டிய மறுநாள், விடிந்தும் விடியாமல் சமையலறைக் கதவுச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் பானெட் திறந்திருந்தது. மெக்கானிக்தான், இல்லாவிட்டால் மாடி வீட்டுக்காரர்தான் என்று செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கையும் களவுமாகப் பிடித்தது உங்கள் அத்தையை. கையில் தண்ணீர் ஜக்கு, பக்கத்தில் பசை டப்பா, புதுக் காகிதத்தில் என் கையெழுத்து. என்னைவிட நன்றாகப் போடுகிறாள்.

"கொறையலன்னா கெளம்பிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பானெட்டை நானே மூடினேன்.

அதற்குப் பிறகு இருவருமே அந்த டப்பாவின் பக்கம் போகவில்லை. ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். அதிகமானது வழிந்துபோய், தண்ணீர் கம்பெனிக்காரன் போட்ட இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது, அங்கேயே நிற்கிறது. அதன் பிறகு விரித்த அட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆக, உண்மையான ஒழுகல் முதல் ஹோஸோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு விழுந்ததெல்லாம் முதலில் நானும் பிறகு அவளும் அளவுக்கு மேல் ஊற்றி, எஞ்சின் சூடானதும் வழிந்தது. கட்டிலுக்கு அடியில் இருக்கிற பம்ப் நல்ல பம்ப். குறைந்ததையே இத்தனை வருஷம் தேடியவனுக்கு, ஒருத்தி பேசாமல் நிரப்பி வைத்தது கண்ணில் படவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை கிளம்புகிறோம். பெட்டி இப்போதே டிக்கியில் ஏறிவிட்டது, உங்கள் கேனுக்குப் பக்கத்தில். பிறகு இந்தக் கடிதத்தை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்பீர்கள். எழுதியதை அனுப்பாமல் விட்டால் நான் எதையோ மறைக்கிறேன் என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். எப்படியும் தபாலுக்கு முன்னால் நாங்கள் வந்துவிடுவோம், கடிதம் வந்ததும் பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிடுங்கள். கவரை ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது கொஞ்சம் அழகாக இருந்தால், தபாலில் சேர்க்கும் முன்பே அத்தை படித்துவிட்டாள் என்று அர்த்தம்.