என் இடத்தில் அப்பா

கல்லூரிப் படிப்பில் முதல் பாதி எப்போது முடிகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. கண் விழித்துப் பார்த்தால் முடிந்திருக்கிறது. இதை உலகப் பொது உண்மை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு மட்டும்தான் அப்படி நடந்தது என்கிறாள் மனைவி.

எழுபதுகளின் நடுவில் வேலூரில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தேன். ஊர், ஜவ்வாது மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். மலைக்காரப் பையனுக்குச் செடிகொடி எல்லாம் அத்துப்படியாக இருக்கும் என்று நம்பி இடம் கொடுத்துவிட்டார்கள் போல. (எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த மரத்தடியில் படுத்தால் எறும்பு கடிக்காது என்பதுதான்.)

மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். இடது கன்னத்தை உள்ளங்கையில் தாங்கி, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டால் கவனமாகக் கேட்பது போலவே இருக்கும். பேராசிரியர் போர்டில் வேரை வரையும்போது நான் வகுப்பில் இருப்பேன். தண்டுக்கு வரும்போது ஜன்னலுக்கு வெளியே இருப்பேன். அவர் பூவுக்கு ஏறி வருவதற்குள் மலைக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

இரண்டாம் ஆண்டு அரையாண்டுத் தேர்வில் குட்டு உடைந்தது. என் விடைத்தாளில் பாதிப் பக்கம் வரை பதில் இருந்தது. அதற்குக் கீழே, பேனா கையோடு கண்ணயர்ந்துவிட்டதால், நீளமாக ஒரு நெளிகோடு. பேராசிரியர் கூப்பிட்டு அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இது எந்தக் குடும்பத்துக் கொடிப்பா?"

நான் நிஜமாகவே யோசித்தேன். அதுதான் அவருக்குக் கோபம் வந்த இடம். மூன்று வருஷத்தில் ஒன்றரை வருஷத்தைத் தூங்கியே தீர்த்துவிட்டாய், பொங்கல் கழித்துத் திறக்கிற அன்று அப்பாவோடு வா, இல்லாவிட்டால் உன் இடம் உனக்கில்லை என்றார். அப்பா அசலாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். போன வருஷம் என் பெஞ்சுத் தோழன் சம்பத்து கூட்டிவந்த அப்பா, அதற்கு முந்தின வருஷம் வேறொருத்தனுக்கு அப்பாவாக வந்துபோன சைக்கிள் கடைக்காரர்.

ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தூங்கினதற்கு அப்பா திட்டவில்லை. அவரைக் கலக்கியது வேறு.

"எடம் பூடுமா? இன்னாடா சொல்ற?"

எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உட்கார ஒரு இடம் உண்டு. வீட்டுக்காரருக்கு முடியாவிட்டால் தம்பி வந்து உட்காருவார், தம்பி இல்லாவிட்டால் மகன். இடம் மட்டும் காலியாகக் கிடக்கக்கூடாது. கிடந்தால் அந்த வீட்டுக்குப் பேச்சே இல்லை என்று அர்த்தம். அப்பாவுக்கு ஜுரம் வந்தபோது சின்னப் பையனான நானே அவர் இடத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டு வழக்கை முடித்திருக்கிறேன். (கண்ணைத் திறந்தபோது முடிந்திருந்தது.) எங்கள் ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். வேலூரில் எங்கள் ஊருக்கென்று இருந்த ஒரே இடம் அந்த அரைப் பெஞ்சுதான்.

திறக்கிற அன்று விடிகாலையில், செங்கத்துக்குச் சாமை மூட்டை ஏற்றிப்போன லாரியில் கிளம்பினோம். அடிவாரத்தில் இறங்கி வேலூர் பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். நான் பின்னால் மூட்டைகளின்மேல். தை மாசக் குளிர். காலியாகக் கிடந்த ஒரு கோணிக்குள் காலை நுழைத்தேன், சுகமாக இருந்தது. கழுத்துவரை நுழைந்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்துக்கு மேலேயும்.

உள்ளே சாமை வாசனை, பழைய வெயிலின் கதகதப்பு. கோணியின் கண்கள் வழியாக ஆகாயம் பொடிப்பொடியாகத் தெரிந்தது. லாரி ஒவ்வொரு வளைவிலும் என்னைத் தொட்டில் மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டியது. பனி ஒரு நதி, நாங்கள் மிதந்து இறங்குகிறோம் என்று தோன்றியது. அப்படியே படிப்பின் இரண்டாம் பாதிக்குள் போய்விட்டேன். அங்கே நான் முதல் பெஞ்சில் இருந்தேன். போர்டில் பேராசிரியர் வரைந்த பூ மெல்ல விரிந்து, வகுப்பு முழுக்க மகரந்தம் பறந்தது. எல்லாரும் தும்மினார்கள், நான் மட்டும் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். "இவன்தான்" என்று பேராசிரியர் என் தோளைத் தொட்டார். தொட்ட இடம் தோள் இல்லை என்பதும், தொட்டது விரல் இல்லை என்பதும் அடுத்த நொடியில் தெரிந்தது.

செங்கத்து மண்டியில் மூட்டையைப் பிரிக்காமலே தானியத்தை எடுத்துப் பார்க்கக் குத்தூசி வைத்திருப்பார்கள். அது என்மேல் இறங்கியிருந்தது. உட்காரும் பாகத்தில், ஆழமாக.

"மொதலாளி, இந்த மூட்டை கத்துதுங்க" என்றான் சுமைக்காரன்.

முதலாளி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த ஊரு சரக்கு?"

"மலைச் சரக்குங்க."

"ஓரமா வை. அப்பறம் பாக்கலாம்."

கோணியைவிட்டு வெளியே வந்தேன். அடிவாரத்தில் அப்பா இறங்கிக் குரல் கொடுத்திருக்கிறார். பதில் இல்லை. பையன் அப்பவே குதித்து முன்னால் ஓடியிருப்பான் என்று டிரைவர் அடித்துச் சொல்லவும், படிப்பின்மேல் எனக்கு இருந்த ஆர்வத்தை நம்பி அப்பா தனியாகவே பஸ் ஏறிவிட்டார். உலகத்தில் அந்த ஒருவர்தான் அதை நம்பினார்.

வேலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சீட் காலியாகத்தான் இருந்தது. நான்தான் உட்காரும் நிலையில் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பயணத்தை முழுசாகக் கண்ணால் பார்த்தேன். இடம் போயிற்று, இனி சாமைக் காடுதான் என்று மனசு அடித்துக்கொண்டே வந்தது.

போய்ச் சேர்ந்தபோது மத்தியான வகுப்பு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில், என் இடத்தில், தலைப்பாகையோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

அதுவரை நடந்ததைச் சம்பத்து பிறகு சொன்னான். பையன் இல்லாமல் தனியாக வந்த அப்பாவைப் பேராசிரியர் ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். எந்தச் சைக்கிள் கடை என்று கேட்காததுதான் பாக்கி. அப்பா பதறவில்லை. அவன் குந்துற இடம் எது என்று சம்பத்திடம் கேட்டு, துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவன் வர்ற வரைக்கும் நான் குந்திக்கினு இருக்கேனுங்க. எடம் காலியா கெடக்கக் கூடாது பாருங்க."

இதற்கு என்ன சட்டம் என்று பேராசிரியருக்குத் தெரியவில்லை. பாடத்தைத் தொடங்கினார். வேர் முடிந்து தண்டுக்கு வரும்போது அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பூ வந்தபோது இடது கன்னம் உள்ளங்கையில் இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தாராம். பிறகு வகுப்பைப் பார்த்து, தூக்கம் கலையாதபடி மெதுவாகச் சொன்னாராம்:

"அசல்."

நான் ஜன்னலை விட்டு வாசலில் போய் நின்றது அப்போதுதான். தலையெல்லாம் சாமை உமி, சட்டையெல்லாம் கோணி நார். என்னைப் பார்த்து வகுப்பு சிரித்த சத்தத்தில் அப்பா விழித்தார்.

"எங்கடா பூட்ட?"

"செங்கம்."

"காலேஜ வுட்டுட்டு செங்கத்துல இன்னாடா வேல உனுக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து, பெஞ்சை மறுபடி துண்டால் தட்டினார். "வந்து குந்து. இன்னும் சூடு ஆறல."

ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக அந்த இடத்தில் உட்கார ஆசையாக இருந்தது. முடியாத காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்லவேண்டியதாயிற்று.

"அப்போ நின்னுக்கிட்டே கேளு" என்றார் பேராசிரியர். "அதுதான் உனக்கு நல்லது."

புண் ஆறும்வரை நின்றுகொண்டே படித்தேன். ஒரு பூ போர்டில் முழுசாக மலர்வதை அப்போதுதான் பார்த்தேன். புண் ஆறியதும் மலைக்குப் போய்வருவது பழையபடி தொடர்ந்தது, ஆனால் பூ மலர்வதற்குள் திரும்பிவிடுவேன். பாஸும் ஆனேன்.

சம்பத்து மூலமாக அந்த ஒற்றை வார்த்தை அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. பெரிய சார் வாயால் வந்த பட்டம் என்று அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். டிகிரியில் முதல் பாதிதான் பையனுடையது, ரெண்டாம் பாதியைத் தொடங்கி வைத்தது நானு என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தார்.

பல வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். ஜாடை யாருடையது என்று இரண்டு வீட்டாரும் தொட்டிலைச் சுற்றி நின்று மூக்குக்கும் நெற்றிக்கும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். இடது கன்னத்தின் கீழ் கை. லேசாகத் திறந்த வாய்.

நிமிர்ந்தார். எழுப்பிவிடாமல், மெதுவாகச் சொன்னார்:

"அசல்."