மாங் ஃபெர்மினின் ஆயினும்

"என் மகன் ஏழை. ஆயினும் நேர்மையானவன். ஆதலால்..." என்று மாங் ஃபெர்மின் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தது ஒரு டியூப். தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கப்பட்டிருந்த அது, பதிலுக்குக் குமிழி விட்டது.

டயருக்காகக் காத்திருந்த டிரைசிக்கிள்காரன் நெஸ்தோர், வாயிலிருந்த பல்குச்சியை வெளியே எடுத்தான்.

"யார்கிட்டண்ணே பேசறீங்க?"

"ஒத்திகை."

"எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை ஒரு வேலை இருக்கு. மேல கேக்காத."

மேலே சொல்ல முடியாத விஷயம்தான் அது. பஞ்சர் கடைக்காரரான ஃபெர்மின், தன் மகன் எல்மருக்குப் பெண் கேட்டு ஒரு வீட்டுப் படியேறப் போகிறார். படியேறும்வரை அதை வெளியே விடக் கூடாது. விட்டு, அந்த வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டால், ஏரிக்கரை முழுக்க மீன்கள்கூடச் சிரிக்கும். அந்த வீடு வேறு சாதாரண வீடா? எங்கள் பரங்காயின், அதாவது ஊர்ப் பிரிவின், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கேப்டன் பொன்சியானோவின் வீடு. பெண், அவருடைய ஒரே மகள் ரோவேனா.

எங்கள் ஊரில் மூத்த ஆணுக்கு மாங், பெண்ணுக்கு அலிங் என்பது மரியாதை. கேப்டனின் மனைவி அலிங் கொன்சிங்தான், ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வந்தபோது, ஃபெர்மினின் காதில் போட்டுவிட்டுப் போனாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு சுத்தமா இருக்கணும் மாங் ஃபெர்மின். 'பெரோ', 'காசி'ன்னு இழுக்கறவன் வீட்டுக்குப் பொண்ணு தரமாட்டாரு. சத்தமாப் பேசிப் பழகுங்க. வாய்க்குள்ளயே சொன்னா வராது."

எங்கள் தகலோக் மொழியில் 'ஆனா'வுக்கு வீட்டில் பெரோ, 'ஏன்னா'வுக்கு காசி. இந்த இரண்டும் இல்லாமல் ஃபெர்மினால் ஒரு கொட்டாவிகூட விட முடியாது. மேடைக்கு வேறு சொற்கள் உண்டு. தத்தாப்வத், சபக்காத் என்று, சொன்னாலே தோளில் சால்வை விழும் சொற்கள். நம் ஆயினும், ஏனெனில், ஆதலால் மாதிரி. எங்கள் ஊரில் அவற்றைப் பாதிரியார் சொல்வார், நீதிபதி சொல்வார், மூன்றாவதாக ஓட்டு கேட்பவன் சொல்வான். ஃபெர்மின் பூசை வைப்பவர் இல்லை. தீர்ப்புச் சொல்பவரும் இல்லை.

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. நெஸ்தோர் வண்டியைக் கிளப்பினான். அவன் சந்தைக்குப் போய்ச் சேருமுன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை கடை வாசலில் கூடைப்பந்து இளைஞர்கள் நின்றார்கள்.

"மாங் ஃபெர்மின், எங்க டீமுக்கு ஜெர்சி வேணும். முதுகுல உங்க பேரு போட்டுக்கறோம்."

"என் பேரு எதுக்குடா?"

"கேப்டனுக்கு எதிரா நிக்கறீங்கல்ல?"

ஃபெர்மினுக்குக் கையிலிருந்த பம்பு நழுவியது. தெளிவாக மறுத்துவிட நினைத்தார். ஆனால் ஒரு வாரமாக டியூபிடம் பேசிப் பேசி, நாக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"தேர்தலில் நிற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயினும், உங்கள் அன்புக்கு நான் கடமைப்பட்டவன்."

இளைஞர்கள் கைதட்டினார்கள். நிற்கப் போகிறவன் எவனும் முதலில் இதைத்தானே சொல்வான்!

"பேச்சப் பாருடா! மனுத் தாக்கலே பண்ணலை, அதுக்குள்ள!" என்று ஒருவன் மெய்சிலிர்த்தான்.

சரி, இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தார். கடைக்கு வந்தவர்களிடம் கை ஜாடையில் பேசினார். மாலைக்குள் ஊர் அதற்கும் பொருள் கண்டுபிடித்துவிட்டது.

"வாயக் கட்டிட்டாரு பாரு. உள்ளுக்குள்ள பெரிய திட்டம் ஓடுது."

"மணிலாவுல யாரோ பின்னாடி இருக்காங்களாம்."

இதற்கு நடுவில் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. போகாமல் இருக்க முடியுமா? போனார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் முதல் நாற்காலியை அவருக்குத் தந்தார்கள். வேட்பாளர்கள் உட்காரும் நாற்காலி அது. சாவு வீட்டு வழக்கப்படி சூதாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். விதவை மைக்கைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"ரெண்டு வார்த்தை, மாங் ஃபெர்மின்."

"அவர் நல்லவர்," என்றார் ஃபெர்மின். அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஆதலால் சென்றுவிட்டார்."

அந்த 'ஆதலால்' கேட்டு மூன்று பெண்கள் மயங்கி விழுந்தார்கள். செத்தவரே ஒருமுறை கண் திறந்து பார்த்தார் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் ஓட்டும் ஃபெர்மினுக்குத்தான் என்று ஊர் கணக்குப் போட்டது.

கேப்டன் பொன்சியானோ அசந்து போகிறவர் இல்லை. மறுநாள் விடியும்போதே பஞ்சர் கடைச் சாலையில் தார் டிரம்மோடு ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அந்தச் சாலைக் குழிகள் சாதாரணக் குழிகள் அல்ல. அவற்றில் வாத்துகள் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வந்தன. ஃபெர்மினின் பிழைப்பே அந்தக் குழிகள்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, "மக்கள் பணியில் கேப்டன்" என்று தட்டியும் நட்டுவிட்டுப் போனார்கள்.

அதன்பின் ஊரில் ஒரு டயரும் வெடிக்கவில்லை. ஃபெர்மின் ஸ்டூலில் உட்கார்ந்து, வழுக்கிக்கொண்டு போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்மர் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"அப்பா, என்னப்பா பண்ணிவெச்சிருக்கீங்க? உங்க பேரக் கேட்டாலே அவங்கப்பா சோத்துத் தட்டைத் தள்ளிடறாராம். ரோவேனா அழுவறா. என்னை மறந்துடுங்கறா."

"நான் என்னடா பண்ணேன்? உனக்குப் பொண்ணு கேக்கத்தானே பழகறேன்!"

"பொண்ணு கேக்கற மாதிரியா இருக்கு? நாட்டையே கேக்கற மாதிரில்ல இருக்கு!"

அன்று மாலை அலிங் கொன்சிங் மறுபடி ஸ்கூட்டரை நிறுத்தினாள். டயரில் காற்று நிறையவே இருந்தது.

"அம்மா, கேப்டன் கோவமா இருக்காராமே? நான் பழையபடி பேசிடறேனே," என்று கெஞ்சினார் ஃபெர்மின்.

"ஐயையோ, இப்பப் போய் விடறதா? அவருக்கு உள்ளுக்குள்ள மரியாதை வந்துடுச்சு. இன்னும் நாலு 'ஆதலால்' சேர்த்துக்குங்க. சத்தமா!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முழுப் பன்றியைச் சுட்டு, மூங்கிலோடு ஜீப்னி வண்டியில் ஏற்றி, மனைவி மகனோடு கிளம்பினார் ஃபெர்மின். சுட்ட பன்றியின் வாசனையும் தேர்தல் வாசனையும் சேர்ந்தால் யார் வீட்டில் இருப்பார்கள்? பின்னால் டிரைசிக்கிள்கள் சேர்ந்தன. அதன் பின்னால், எங்கிருந்தோ பாண்டு வாத்தியம். கேப்டன் வீட்டை அடைந்தபோது ஊரில் மிச்சம் இருந்தவை சில கோழிகள் மட்டுமே.

கேப்டன் மேல்படியில் நின்றார். உள்ளேயிருந்து ரோவேனா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"என் வீட்டுக்கே ஊர்வலமா? ஒரு படி ஏறினா பாரு!"

ஃபெர்மின் தொண்டையைச் செருமினார். "மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களே, எங்களிடம் செல்வம் இல்லை. ஆயினும்..."

"ஃபெர்மின்! ஃபெர்மின்!" என்று கூட்டம் கத்தியது. பாண்டுக்காரன் டிரம்மைத் தட்டினான். கேப்டனின் மீசை துடித்தது. ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

எல்மர் பன்றியின் மேல் சாய்ந்து அழத் தொடங்கினான். மகனைப் பார்த்ததும், ஃபெர்மினுக்குள் அடுக்கிவைத்திருந்த ஆயினும் ஆதலால் எல்லாம் சரிந்து விழுந்தன.

"நிறுத்துங்கடா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். பிறகு கேப்டனிடம் திரும்பினார். "கேப்டன், எனக்கு உங்க நாற்காலி வேணாம். ஏன்னா, எனக்கு மூல வியாதி, உக்காரவே முடியாது. ஆனா, என் பையன் ஒரு வாரமா சாப்பிடல. ஏன்னா, உங்க பொண்ணு மேல உசிரு. அந்தப் பொண்ணுக்கும் அப்படித்தான். ஆனா, எனக்குக் கேக்கத் தெரியல. ஏன்னா... அவ்ளோதான்."

பாண்டுக்காரன் டிரம்மைக் கீழே வைத்தான். ஆனாவும் ஏன்னாவும் போடுகிறவன் எந்தத் தேர்தலிலும் நிற்கமாட்டான் என்பது குழந்தைக்கும் தெரியும்.

"நம்ம ஆளு இல்லடா," என்றான் நெஸ்தோர். கூட்டம் கலைந்தது. ஜெர்சிக்கு அளவு கொடுத்தவன் மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தான்.

கேப்டன் நான்கு படி இறங்கி வந்தார்.

"அப்ப, நீ நிக்கலையா?"

"பொண்ணு கேக்க மட்டும்தான் நிக்கறேன்."

கேப்டன் அவரை அப்படியே தூக்கிவிட்டார். "அட தோழா, மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா! ரோவேனா, கதவத் திற! சம்பந்தி வந்திருக்காரு!"

டிசம்பரில் கல்யாணம் என்று சாப்பாட்டு மேசையில் முடிவாயிற்று. எல்மர் ஐந்து பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான். கேப்டன் பன்றியின் மொறுமொறு காதைக் கடித்தபடி, "இந்த ஊர்ல இனி என்னை எதிர்க்க ஆளே இல்ல!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஃபெர்மினின் தட்டில் சோறு வைக்கக் குனிந்த அலிங் கொன்சிங், அவர் காதோடு சொன்னாள்:

"ரொம்ப நன்றி சம்பந்தி, இந்த மனுஷன் உங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்ததாலதான் நான் வீடு வீடாப் போய் ஓட்டு கேட்டது இவர் கண்ணுல படல, நாளைக்குக் காலைல மனுத் தாக்கல் பண்றேன்."