ரெண்டு மூணு, மூணு நாலு

இழவு வீட்டில் உட்கார்ந்து இரண்டு காலாலும் தாளம் போட்டுவிட்டு அடி வாங்காமல் திரும்பி வந்தவர் எங்கள் உத்திரமேரூரிலேயே ஒருத்தர்தான். மிதி அண்ணன். அடி வாங்கவில்லையே தவிர, சாவி வாங்கினார். வலிப்பு என்று பயந்து யாரோ ஒரு புண்ணியவான் பீரோ சாவிக்கொத்தை அவர் கையில் திணித்துவிட்டார். அண்ணன் சாவிகளை எண்ணிப் பார்த்தார். "நாலு கீது. கரெக்ட்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிதித்தார்.

அவர் எங்கள் கம்பெனி வேன் டிரைவர். காலையில் எங்களை அள்ளிக்கொண்டு போய் கம்பெனி வாசலில் கொட்டுவார். சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவார். நடுவில் பகல் முழுக்கப் புங்கமரத்தடியில் காத்திருப்பதுதான் வேலை. தினமும் போனில் டேட்டா மிச்சமாகி வீணாகிறதே என்ற வயிற்றெரிச்சலில் எதையோ தேடப்போய், ஆன்லைனில் கைத்தறி நெசவு சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்துவிட்டார். அவர் தேடியது சீட் கவர்.

"காஞ்சிபுரம் இங்கதான கீது? அங்க போய் கத்துக்கினா இன்னா?" என்று கேட்டாள் சாந்தி. சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து எங்கள் வேனில் ஏறுபவள். யாரையும் சும்மா விடமாட்டாள்.

"அங்க போனா சிரிப்பாங்கமா. இங்க மேடம் 'சூப்பர் சார்'ங்கிறாங்க. என் பொண்டாட்டி கூட ஒரு நாளும் என்ன சார்னு கூப்ட்டதில்ல."

எந்த நூல் மேலே, எந்த நூல் கீழே என்பதைக் கட்டம் கட்டமாக எழுதிவிடலாமாம். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். நூல்களை நாலு கூட்டமாகப் பிரித்து நாலு சட்டத்தில் கோத்துவிட்டு, கீழே இருக்கும் மிதிகட்டையைக் காலால் மிதித்தால் சட்டம் எழும்பும். மிதிக்கிற வரிசை மாறினால் துணியின் ரகமே மாறிவிடும். தறி இல்லாத அண்ணன் தரையை மிதித்துப் பழகினார். டீக்கடையில் மிதித்தார், ரேஷன் கடை வரிசையில் மிதித்தார். முடி வெட்டுகிற இடத்தில் மிதித்தபோது அவருடைய ஒரு காதைக் காப்பாற்றக் கடைக்காரர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பஜாரில் கட்டம் போட்ட லுங்கியோடு யாரும் நடமாட முடியவில்லை. ஒரு நாள் அண்ணன் வளையல் கடை பாய் முன்னால் குந்தி, போன் டார்ச்சை அடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இன்னாய்யா தேடுற?"

"ட்வில்லா ப்ளெய்னான்னு பாக்குறேன் பாய்."

"எதுவா இருந்தாலும் என்னுதுய்யா! லுங்கிய வுடுய்யா!"

ட்வில் என்றால் வேறொன்றுமில்லை, ஜீன்ஸ் துணியில் சாய்வாகக் கோடு ஓடுமே, அந்த நெசவு.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். கட்டம் போட்ட நோட்டைப் பார்த்தாலே கணக்கு டீச்சர் ஞாபகம் வந்துவிடும். அது போதாதென்று இன்னொரு பயம். வேனில் இருப்பது கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். ஓட்டும்போது இவருக்குப் பாடம் ஞாபகம் வந்துவிட்டால்?

"மூணுதான் கீது. நாலாவது இல்லாததாலதான் நாம உசுரோட கீறோம்" என்றார் என் பக்கத்து சீட் நூர்ஜஹான் அக்கா.

உண்மையில் வண்டி ஓடும்போது அண்ணன் கால் ஒரு நாளும் விளையாடியதில்லை. ஆனாலும் கவலைப்படாமல் எனக்கு இருக்க வராது. காலையில் வீட்டைப் பூட்டி, வேன் வரை வந்து, திரும்ப ஓடிப் போய் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். ஏறியதும் கேஸ் ஞாபகம் வரும். மறுபடி இறங்குவேன். அண்ணன் ஆரன் அடிக்கமாட்டார். வண்டியை நிறுத்திவிட்டு மிதித்துக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போது முதல் கோர்ஸின் கடைசி வகுப்பு நெருங்கியது. ஒரு ஜாண் ட்வில் நெய்து காமிராவில் காட்ட வேண்டும். காட்டினால் அடுத்த கோர்ஸ், இல்லையென்றால் வெளியே. மற்றவர்கள் வீட்டிலெல்லாம் தறி இருந்தது. அண்ணனிடம் வேன்தான் இருந்தது.

"ஊரே என்ன லூசுங்குது. அந்த ஒரு ஜாண காட்டலன்னா அது கரெக்ட்டா பூடும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கால் மட்டும் மிதிக்காமல் நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் ஓவர்டைம் ஆட்கள் வரும் வரை வேன் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் முன் சீட் கம்பிக்கும் பின் சீட் கம்பிக்கும் நடுவே நீளவாக்கில் பாவு நூலைக் கட்டினார். நூலையெல்லாம் கயிற்றுக் கண்ணிகளில் கோத்து, கண்ணிகளை நாலு மர ஸ்கேலில் கட்டி, ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். சாந்தி ஒண்ணு. பின் சீட் கோகிலா ரெண்டு. நான் மூணு. நூர்ஜஹான் அக்கா நாலு. நாங்கள்தான் தறி.

"நான் நம்பர் சொன்னா தூக்கணும். நான் குறுக்கால ஊடு நூல வுட்டுட்டு சீப்பால தட்டுவேன். ஒண்ணு ரெண்டு!"

சாந்தியும் கோகிலாவும் தூக்கினார்கள். அண்ணன் நூலை விட்டுத் தட்டினார்.

"ரெண்டு மூணு!"

எனக்குக் குழம்பிவிட்டது. ரெண்டும் மூணுமா? இல்லை, கடையில் 'ரெண்டு மூணு தக்காளி போடு' என்போமே, அப்படி ரெண்டோ மூணோவா? கோகிலா தூக்கிவிட்டாள். ரெண்டு வந்தாயிற்று, போதுமோ? நான் யோசித்து முடிப்பதற்குள் அண்ணன் தட்டிவிட்டார்.

"மூணு நாலு!"

"தூக்குடீ" என்று நூர்ஜஹான் அக்கா முழங்கையால் இடித்தார். தூக்கினேன்.

"நாலு ஒண்ணு!" இதில் நான் இல்லை. நிம்மதி.

மங்கல் வெளிச்சத்தில், டிராஃப்டிலேயே கண்ணாக இருந்த அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு ரெண்டு மூணுக்கும் நான் யோசித்தேன். ஒவ்வொரு மூணு நாலுக்கும் இடி வாங்கினேன்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரை மேட்டில்தான் சிக்னல் நிற்கும் என்று வேனை அங்கே ஏற்றியிருந்தார். நாங்களும் நாஷ்டாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டோம். அண்ணன் முறை வந்தது. துணியைத் தூக்கிப் பிடித்தார். நல்ல வெயில். சாய்ந்து ஓட வேண்டிய கோடு, நாலு வரிக்கு ஒரு வரி தடுக்கித் தடுக்கி விழுந்திருந்தது. நான் சீட்டுக்கடியில் போய்விடலாமா என்று இடம் பார்த்தேன்.

"சார், இது ட்வில் மாதிரி இல்லையே. உங்க சட்டத்துல ஏதாவது கோளாறா?" என்றது போன்.

அண்ணன் துணியைப் பார்த்தார். வேன் கண்ணாடியில் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

"கோளாறுலாம் இல்ல மேடம். மூணாவதுக்கு கொஞ்சம் பயம்."

"பயமா?"

"ஆமா மேடம். கூப்ட்டா ஒடனே வராது. யோசிச்சிக்கினு வரும்."

போனில் பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. துணியைக் கிட்டே காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "அங்கங்க தப்பா இருந்தா அது தப்பு சார். கடைசி வரைக்கும் ஒரே மாதிரி தப்பா இருந்தா டிசைன். அடுத்த கோர்ஸுக்கு வந்துடுங்க" என்றார். சாந்தி விட்ட விசிலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து போய்விட்டது.

"அண்ணா, என்னாலதான..." என்று இழுத்தேன்.

"அட போமா. நீ பூட்ட ஆட்டிட்டு வர்ற கேப்லதான் பாதி பாடமே படிச்சேன்."

அப்புறம் அவர் வேறு கம்பெனி வேனுக்குப் போய்விட்டார். பழைய தறி ஒன்றும் வாங்கிப் போட்டுவிட்டதாகக் கேள்வி. புது டிரைவர் நான் பூட்டைத் தொடுவதற்குள் மூன்று ஆரன் அடிக்கிறார்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். கால் இரண்டும் சும்மா இருந்தன. எனக்குப் பயமாகிவிட்டது.

"உடம்புக்கு இன்னாண்ணா?"

"ஒண்ணும் இல்லமா. அதான் வூட்ல தறி கீதே, அங்கயே மிதிச்சிட்டு வந்துட்றேன்."

"நல்லா வேல செய்யுதா?"

"ஒண்ணு, ரெண்டு, நாலு, எல்லாம் கூப்ட்ட ஒடனே எழுந்துக்குது."

"மூணு?"

"அதுக்கு மட்டும் கயித்த கொஞ்சம் லூசா கட்டி வெச்சிக்கிறேன். யோசிச்சிக்கினு வரட்டும்."