கயானா நேரம் பத்து நாற்பது

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். ஒரு முறைகூடக் கடல் தாண்டியதில்லை. பாம்பன் பாலத்தைச் சேர்த்துக்கொண்டால் ஒரு முறை. (அதையெல்லாம் சேர்க்காதீக என்கிறாள் என் மனைவி.)

இருந்தும், காரைக்குடியில் எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் அட்லஸை விரித்து அந்த நாட்டின் மழை, மண், விளைச்சல் எல்லாம் விளக்கி அனுப்புவேன். அவர்கள் அங்கே போய் ஏசி மாட்டுவார்கள்.

பக்கத்து வீட்டுக் கமால் பாயின் மகன் நிஜாம் எலக்ட்ரீசியன் வேலைக்குக் கயானா போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. துபாயைப் பற்றி இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கும் கயானாவைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. கமால் பாய் தன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியபடியே மூன்று வருடம் அதைக் கேட்டார். "நீங்க சொல்லச் சொல்ல அவன் பக்கத்துல இருக்காப்புல இருக்கு சார்" என்பார். இதைவிடப் பெரிய விருது எனக்கு யாரும் தந்ததில்லை.

போன வருடம் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நிஜாம் விமானம் ஏறுமுன் தங்கை ஷமீமாவுக்கு ஒரு வரி அனுப்பினான்: "மூணு பிளைட் மாறணும். வியாழன் காலை 10.40 திருச்சி. அத்தாகிட்ட சொல்லு."

புதன் மாலை கமால் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இப்ப எங்குட்டு வந்துருப்பான் சார்?"

"அட்லாண்டிக் மேல."

"அது பெருசா?"

"கொஞ்சம் பெருசுதான்."

வியாழன் விடியும்போது அவர் போய்விட்டார்.

காலை எட்டு மணிக்கு வீடு நிறைந்திருந்தது. ஜமாத்தின் பெரியவர் அஜீஸ் பாய், மதியம் லுஹர் தொழுகையோடு அடக்கம் வைக்கலாம் என்றார். கதவருகே நின்றிருந்த ஷமீமா சொன்னாள். "அண்ணன் பத்து நாப்பதுக்கு எறங்குறாக. ரெண்டு மணி நேரத்துல இங்க வந்துருவாக. அசர் வரைக்கும் பொறுங்க. அத்தா முகத்தைப் பாத்துரட்டும்."

அசர் என்பது சாயங்காலத் தொழுகை. சில மணி நேரம்தான் அவள் கேட்டது. அஜீஸ் பாய் தலையசைக்கத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் தொண்டையைச் செருமினேன்.

"அது கயானா நேரம்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். (அப்படித் திரும்பினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.)

"அவன் அங்கேயிருந்து அனுப்பியிருக்கான். அவங்க கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால ஓடுது. அங்க காலை பத்து நாற்பதுன்னா இங்க ராத்திரி எட்டு பத்து."

"எங்க வீட்டுக்காரவுக துபாய்ல இருந்தப்ப நம்ம நேரத்தைத்தான் சார் போடுவாக" என்றாள் ஷமீமா.

"துபாய் வேறம்மா, கயானா வேற."

எப்படி வேறு என்பதையும் சொன்னேன். கூடத்தில் என் நண்பர் வெள்ளைத் துணிக்குள் கிடக்க, நான் நின்றுகொண்டு பாடம் நடத்தினேன். கரையோரம் மட்டும்தான் ஜனம், பின்னால் முழுக்கக் காடு என்றேன். கடல் ஏறும்போது ஊர் தாழ்ந்து கிடக்கும், அதனால் நீளமாகச் சுவர் கட்டியிருக்கிறார்கள் என்றேன். டச்சுக்காரன் வாய்க்கால் வெட்டினான், பிறகு இங்கிலீஷ்காரன் வந்தான், கரும்பு வெட்ட நம் பக்கத்து ஆட்களைக் கப்பலேற்றினான் என்றேன். கடலில் எண்ணெய் கிடைத்து நாடு பணக்கார நாடாகிவிட்டது, ஆனால் கோழி முட்டை விலை கேட்டு நிஜாம் மலைத்துப்போகிறான் என்பது வரை வந்துவிட்டேன்.

"சார்" என்றார் அஜீஸ் பாய். "முட்டை இருக்கட்டும். பய எப்ப வருவான்? குழி வெட்டச் சொல்லணும்."

"வீடு வர ராத்திரி பத்தரை ஆயிரும்."

"திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போன் பண்ணிக் கேக்கட்டா சார்?" என்றாள் ஷமீமா.

வேண்டாம் என்றேன். இத்தனை வருடமாக இந்தக் கணக்கைத்தான் போடுகிறேன் என்றேன். அவளுக்குச் சின்ன வயதில் டியூஷன் எடுத்தவன் நான். கையில் எடுத்த போனை அவள் கீழே வைத்தாள்.

லுஹரோடு அடக்கம் முடிந்தது. நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். மையவாடி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது டாக்ஸி வந்து நின்றது. முதுகில் பையோடு நிஜாம் இறங்கினான். மணி ஒன்றரை. வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். அவனுடைய கயானா சிம் இங்கே வேலை செய்யவில்லை. டிரைவரிடம் போன் கேட்டிருக்கலாம். என்ன செய்தி வருமோ என்று பயந்து கேட்கவில்லையாம்.

அவன் உள்ளே ஓடவில்லை. என் முன்னால் வந்து நின்றான். "பத்து நாப்பதுன்னு போட்டுருந்தேனே சார்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னப்பா, பிளைட் சீக்கிரம் வந்துருச்சா?"

இந்த வயதில், நண்பனின் குழி மண் கையில் காய்வதற்குள், விமானத்தின் மேல் பழி போட்டேன்.

"இல்ல சார். சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு."

மூன்றாம் நாள் அவனிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஷமீமா முன்பே சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. கேட்டு முடித்துவிட்டு, "டீ குடிக்கிறீகளா சார்?" என்றான். குடித்தேன்.  அந்த வாரக் கடைசியில் அவன் கயானாவுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

இப்போது அந்த வீட்டில் யார் எந்த ஊரிலிருந்து வருவதாகச் சொன்னாலும், மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தால்கூட, ஷமீமாவின் கணவர், "நம்ம நேரமா, சார் நேரமா?" என்று கேட்கிறார். வீடே சிரிக்கிறது. நான் அங்கே உட்கார்ந்திருந்தால் நானும் சிரிக்கிறேன். என் மனைவிகூட அதை எங்கள் வீட்டில் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சென்ற வெள்ளிக்கிழமை வீடியோ காலில் நிஜாம் இருந்தபோதும் யாரோ அதைச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவன், படம் நின்றுபோய்விட்டதோ என்று நினைக்கும்படி அசையாமல் இருந்தான். பிறகு கண்ணிமைத்தான்.