ஆதாரம் சாரும் பின்லாந்துக் கட்டுரையும்

சங்கரன்கோவிலில் வெயில் அடிக்கிறது என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்கிற ஒரே மனிதர், எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையின் ஆதாரம் சார்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், "வாசுதேவநல்லூர் வண்டி இப்ப வந்துரும் சார்" என்றார்.

"எதை வச்சுச் சொல்லுதீரு?"

விவாதம் முற்றியது. நடுவில் வண்டி வந்தது, ஆள் ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. சார் கவனிக்கவில்லை.

அவர்தான் பின்லாந்துக் கல்லூரி ஒன்றோடு ஆன்லைன் வகுப்பு பிடித்து வந்தார். ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதப் பழகும் பாடம். அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று ஜோடி. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறை சொல்ல வேண்டும். நான் வணிகவியல் வாத்தியார். புரொஜெக்டர் என் பேச்சை மட்டும் கேட்கும் என்பதால் கூடவே உட்கார்ந்திருப்பேன்.

அங்கிருந்து குறைகள் பக்கம் பக்கமாக வந்தன. எங்கள் பிள்ளைகள் எல்லாருமே 'மிக நன்று' என்று எழுதி, கை கூப்பும் படம் ஒன்றும் போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் அந்த ஊர் ஆசிரியை சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: இதனால் தன் மாணவர்களுக்குப் பயனில்லை, இன்னொரு வாரம் இப்படியே போனால் நிறுத்திக்கொள்ளலாம். சார் அன்று காபியைத் தொடவில்லை.

"ஏம்மா செல்வி, ஒரு குறைகூடவா கண்ணுல படல?"

"பட்டுச்சு சார். வெளியூர்ப் பிள்ளை, நம்மள நம்பி அனுப்பியிருக்கா. அதுல போயி நொட்டை சொன்னா நல்லாவா இருக்கும்?"

சார் மொத்த வகுப்பையும் பார்த்துத் திரும்பினார். "சரி மக்கா. இனிமே நீங்க விருந்து வைக்கிறவங்க இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. பந்தியில உக்காந்திருக்கிய. இப்பப் படிங்க."

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஐனோ என்ற பெண்ணின் கட்டுரையில் செல்வி மட்டும் முப்பத்தோரு குறை கண்டுபிடித்தாள். ஐனோ மூன்று காரணம் என்று சொல்லிவிட்டு இரண்டுதான் பரிமாறியிருக்கிறாள். சாப்பிட்டு முடிக்குமுன் இலையை எடுத்த மாதிரி முடிவுரை. எல்லாம் நல்ல ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தது.

அனுப்பிய பிறகுதான் சாருக்குப் பயம் வந்தது. "கொஞ்சம் கூடிப்போச்சோ வே?" என்று வாரம் முழுக்க என்னைக் கேட்டார்.

அடுத்த வகுப்பில் ஐனோ திரையில் வந்தாள். கையில் செல்வியின் குறைப் பட்டியல். "என் கட்டுரையை இவ்வளவு கவனமாக யாருமே படித்ததில்லை. அடுத்ததையும் செல்விதான் படிக்க வேண்டும்" என்றாள். அடுத்த பருவமும் தொடரலாம் என்றார் ஆசிரியை.

சார் சட்டென்று கேமராவை அணைத்தார். "நெட்டு போயிட்டு" என்றார். நெட் நன்றாகத்தான் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அவ்வளவு பிடித்த மனிதர் அவர்.